ஹோம் ரன் அடிக்கப் பந்து போடுபவர் ‘யாரோ ஒருவர்’ அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் ஹோம் ரன் டெர்பி (கிரிக்கெட் சிக்ஸர்போல் பந்தை எல்லைக்கு வெளியே யார் அதிகம் அடிக்கிறார் என்று பார்க்கும் போட்டி) பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். போட்டி நடக்கும் விதத்தைச் சொல்லும் இடத்தில், ‘யாரோ ஒருவர் வாகாக மெதுவாகப் பந்து போட்டுக் கொடுக்க, பேட்டர் விளாசுவார்’ என்று ஒரு வரி இருந்தது. மற்றபடி குறிப்பில் பிழை இல்லை. அந்த ‘யாரோ ஒருவர்’ செய்யும் வேலை, அதாவது பேட்டர்கள் அடித்துப் பழகப் பந்து போடுவது, ஜப்பானில் முழுநேரத் தொழில். அமெரிக்காவில் பயிற்சியாளர்களின் தோள்பட்டையைத் தேய்க்கும் அன்றாடக் கடமை. ‘மெதுவாக’ என்ற சொல்லும் சரியில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

2025 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த டெர்பியை வென்றவர் சியாட்டில் மரினர்ஸ் அணியின் கால் ராலே. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கேட்சர் (ஆட்டத்தில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) அவர். பந்து போட்டவர் அவருடைய தந்தை டாட் ராலே. பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்தது தம்பி. உலகம் முழுவதும் இது குடும்பக் கதையாகவே எழுதப்பட்டது. டாட் ராலே கல்லூரி அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதைப் பலர் விட்டுவிட்டார்கள். மகன் இடக்கை, வலக்கை இரண்டிலும் ஆடுபவர். அன்று இரண்டு பக்கமும் நின்று அடித்தார். பேட்டர் பக்கம் மாறினால் பந்து போடுபவர் குறிவைக்கும் கோடும் மாற வேண்டும். வலக்கைப் பேட்டருக்கு உள்பக்கமாக வரும் பந்து இடக்கைப் பேட்டருக்கு வெளிப்பக்கமாகிவிடும். பல லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அதை நொடியில் மாற்றிக்கொள்ளப் பாசம் மட்டும் போதாது.

வேகக் கணக்கை முதலில் பார்ப்போம். ஆட்டத்தில் பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் பக்கத்தில் நிற்கும் அடிதளம் வரை 18.44 மீட்டர். பயிற்சியில் பந்து போடுபவர் அங்கே நிற்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் 14, 15 மீட்டர் தூரத்துக்கு முன்னே வந்துவிடுவார். ஜப்பானில் மேட்டுக்குச் சற்று முன்னால். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். 14 மீட்டரில் நின்று, காலை எடுத்து வைத்து, கை பந்தை விடும் இடத்திலிருந்து கணக்கிட்டால் பந்து பேட்டரை அடைய 0.46 நொடி ஆகும். ஆட்டத்தில் மேட்டிலிருந்து வரும் 130 கிலோமீட்டர் பந்துக்கும் ஏறத்தாழ அதே நேரம்தான். ஆக, பேட்டரின் கண்ணுக்கு அது மெதுவான பந்தே அல்ல. கிட்டே நிற்பதால் போடுபவரின் தோளுக்குச் சுமை குறைகிறது, குறியும் தவறுவதில்லை. பேட்டருக்கோ ஆட்டத்தின் தாளம் கலையாமல் கிடைக்கிறது.

நிஜமாகவே மெதுவாகப் போட்டால் என்ன ஆகும்? முழுத் தூரத்திலிருந்து 80 கிலோமீட்டரில் போட்டுப் பார்க்கலாம். பந்து சுமார் முக்கால் நொடி காற்றில் இருக்கும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை இரண்டரை மீட்டருக்கும் மேலாகக் கீழே இழுத்துவிடும். ஆகவே மேல்நோக்கித் தூக்கி எறிய வேண்டும். பந்து வளைந்து மேலே போய், சரிந்து இறங்கி வரும். ஆட்டத்தில் எந்தப் பிட்சரின் நேர்ப்பந்தும் அப்படி வராது. இப்படிப்பட்ட பந்தை அரை மணி நேரம் அடித்த பேட்டரின் கை தானாகவே தாழும், தோள் சாயும், முன்கால் அவசரப்பட்டு முன்னே போகும். அன்று மாலை ஆட்டத்தில் 150 கிலோமீட்டர் பந்து வரும்போது மட்டை அதற்கு அடியில் போய்விடும். தூரத்தில் நின்று மென்மையாகப் போடுவதைவிடக் கிட்டே நின்று தட்டையாக, அழுத்திப் போடுவதே மேல் என்பது இந்த வேலையின் முதல் பாடம். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவதும் இதில்தான். பேட்டருக்கு உதவுவதாக நினைத்துக் கையைத் தளர்த்துவார்கள்.

பந்தைப் பிடிப்பதிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. பேஸ்பால் பந்தின் எடை 142 முதல் 149 கிராம். மேலே 108 இரட்டைத் தையல்கள். தையல் குதிரைலாடம்போல் வளையும் இடத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே விழ வேண்டும். கட்டைவிரல் நேர் கீழே. உள்ளங்கையில் ஒட்டாமல் சிறு இடைவெளி இருக்க வேண்டும். இப்படி விட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்று நேராக வரும். விரல்கள் தையலோடு சேர்ந்து படிந்தால் பந்து கடைசி நேரத்தில் பக்கவாட்டில் நழுவும். ஆட்டத்தில் அதுதான் ஆயுதம், பயிற்சியில் அதுவே குற்றம். பல ஆண்டுகள் பேட்டரை ஏமாற்றியே சம்பாதித்தவரின் விரலுக்கு இந்த நேர்மையைப் பழக்குவது நாம் நினைப்பதைவிடக் கடினம். தோல் கிழிந்த பந்து, தையல் பிரிந்த பந்து, ஈரமான பந்து ஆகியவற்றைக் கூடையிலிருந்து முதலிலேயே பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும். நல்ல கையிலிருந்து போனாலும் அவை திரும்பும். கடைசி நேரத்தில் உள்ளே திரும்பும் பந்து பேட்டரின் முழங்கையில் படலாம். பெருந்தொகைக்கு ஒப்பந்தமான ஒருவரின் முழங்கையில் பட்டால் போட்டவரின் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் அங்கேயே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உடலசைவில் அலங்காரம் கிடையாது. காலை உயரத் தூக்குவதில்லை; ஒரு சிறு அடி, அதே கோணத்தில் கை, அதே இடத்தில் விடுதல். கையைப் பின்னால் மறைக்காமல், பந்து தோளுக்கு மேலே சீக்கிரமே தெரியும்படி கொண்டுவர வேண்டும். போடுபவரின் முன்கால் தரையில் படும் நேரத்தை வைத்துத்தான் பேட்டர் தன் எடையைப் பின்காலுக்கு மாற்றுகிறார். அந்த இடைவெளி பந்துக்குப் பந்து மாறினால், பந்து நடுவிலேயே வந்தாலும் அடி சரியாக விழாது. ‘இன்று பந்து போட்டவர் சரியில்லை’ என்று பேட்டர்கள் முணுமுணுக்கும் நாட்களில் கோளாறு பெரும்பாலும் குறியில் இருக்காது, தாளத்தில் இருக்கும். பத்து நொடிக்கு ஒரு பந்து என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் 120 பந்து. கூடை கைக்கெட்டும் உயரத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிர்ந்தால் ஐம்பதாவது பந்தில் இடுப்பு போய்விடும், அதன்பின் கை தாழும், பந்தும் தாழும்.

குறி எங்கே? தொடைக்கும் இடுப்புவாருக்கும் நடுவே, அடிதளத்தின் நடுக்கோட்டில். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் வேறுபடும். இழுத்து அடிப்பவருக்குக் கொஞ்சம் உள்ளே, எதிர்ப்பக்கம் தள்ளிப் பழகுபவருக்குக் கொஞ்சம் வெளியே. அமெரிக்க அணிகளில் பேட்டர்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுவாக வருவார்கள். ஒரு குழுவுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். முதல் சுற்றில் பந்தை மெல்லத் தட்டிவிடுவதும் எதிர்ப்பக்கம் அடிப்பதும். பிறகு ஓடுபவர் மூன்றாம் தளத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டு அடிப்பது. கடைசியில்தான் இஷ்டப்படி விளாசுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்து எங்கே விழ வேண்டும் என்பது மாறும். எந்த பேட்டர் எந்தச் சுற்றில் எதை எதிர்பார்ப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்பவர்தான் நிலைத்து நிற்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்லூரி மைதானங்களில் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கும் பயன்படும். போடுபவருக்கு முன்னால் ‘எல்’ வடிவத் தடுப்பு வலை ஒன்று நிற்கும். அகலம், உயரம் இரண்டும் சுமார் 2.1 மீட்டர், ஒரு மேல்மூலை மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். வலக்கைக்காரருக்கு அந்த வெட்டு அவருடைய வலப்பக்கம் இருக்க வேண்டும். கை வெட்டின் வழியே போய்ப் பந்தை விடும். விட்ட வேகத்தில் உடல் இயல்பாக இடப்பக்கம் சாயும். அங்கே உயரமான வலை அவரை மறைத்துக்கொள்ளும். இடக்கைக்காரர் வரும்போது வலையைத் திருப்பி வைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டால், பந்தை விட்டபின் அவர் சாய்வது திறந்த பக்கம். 14 மீட்டரிலிருந்து போட்ட பந்து 170 கிலோமீட்டர் வேகத்தில் நேராகத் திரும்பினால் அவர் முகத்தை அடையக் கால் நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். பார்த்து விலகுவது நடக்காத காரியம். பந்தை விட்டதுமே, அடி எப்படி விழுந்தது என்று பார்க்காமல், வலைக்குப் பின்னால் போய்விட வேண்டும். தான் போட்ட பந்தை ரசிக்க நின்றவர்களுக்குத்தான் அடிபடுகிறது.

வலையை ஒட்டியும் நிற்கக் கூடாது. வலை பந்தின் வேகத்தில் உள்வாங்கும். முகம் ஒட்டியிருந்தால் வலையோடு சேர்ந்து பந்து முகத்தில் படும். ஓர் எட்டு பின்னால் நிற்பது நல்லது. மிகவும் பின்னால் போனால் போட்ட பந்தே குழாயில் பட்டுத் தெறிக்கும். குழாய்க்குப் பஞ்சுறை போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வலையின் முடிச்சுகளை, முக்கியமாக முகத்துக்கு நேரான பகுதியை, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அதே இடத்தில் பந்து புகும். வெளிமைதானத்திலிருந்து திரும்பி வரும் பந்துகளைச் சேகரிப்பவருக்கும் இரண்டாம் தளத்துக்குப் பின்னால் தனி வலை தேவை. வலை வாங்க வசதியில்லாத கல்லூரி அணி, நேராக எறிவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் மண்டியிட்டு மெல்லத் தூக்கிப் போடும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி ஜப்பானுக்கு வருவோம். அங்கே இந்த வேலைக்குப் பெயர் ‘தகேகி தோஷு’. தொழில்முறை லீக்கின் 12 அணிகளும் இவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. சட்டை முதுகில் மூன்றிலக்க எண் இருந்தால் ஆட்டக்காரர் பட்டியலில் இல்லாதவர் என்று ரசிகருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதே லீக்கில் பிட்சர்களாக இருந்தவர்கள். பாதை ஏறக்குறைய ஒன்றுதான். இலையுதிர் காலத்தில், ‘அடுத்த ஆண்டு உங்களுக்கு இடமில்லை’ என்று அணி சொல்லும். சிலர் நவம்பரில் நடக்கும் தேர்வு முகாமுக்குப் போய் இன்னொரு வாய்ப்பைத் தேடுவார்கள். சிலரிடம் அணியே, ‘பயிற்சிப் பிட்சராக இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். கேட்கப்படுபவர் அணியின் மிகச் சிறந்த பிட்சராக இருந்திருக்க வேண்டியதில்லை. குறி தவறாதவர், முன்கோபம் இல்லாதவர், உடம்பு தாங்குபவர் என்றால் போதும். இடக்கைக்காரருக்குக் கூடுதல் மதிப்பு. அடுத்த நாள் ஆட்டத்தைத் தொடங்கப்போகும் பிட்சர் யார் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. பசிபிக் லீக்கில் 1994 முதலும் சென்ட்ரல் லீக்கில் 2012 முதலும் இதுவே வழக்கம். எதிரணி இடக்கைக்காரரை இறக்குகிறது என்று தெரிந்தால், இங்கே பயிற்சியிலும் இடக்கைக்காரரே அதிகம் போட வேண்டும்.

ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டுக்கு. பிப்ரவரி முதல் தேதி மியாசாகியிலும் ஒகினாவாவிலும் முகாம்கள் தொடங்கும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டும். சோதனை அங்கேயே ஆரம்பமாகிவிடும். சீசனில் மாலை ஆறு மணி ஆட்டம் என்றால் நண்பகலிலேயே மைதானத்துக்கு வந்து, ஓடி, நீட்டிப் பயிற்சி செய்து, தூரம் எறிந்து கையைச் சூடாக்கி, பிற்பகலில் பேட்டர்கள் நின்று அடிக்கும் இரண்டு வலைக்கூண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஆளுக்கு இருபது நிமிடம் போடுவார்கள். பல அணிகளில் போட்டு முடித்தவர் பந்து பொறுக்குவார், மற்றவருக்குக் கூடை நிரப்புவார், ஆட்டம் தொடங்கியதும் எதிரணியின் ஒவ்வொரு பந்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்வார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் வாரத்துக்கு ஒரு முறை நூறு பந்து போட்டால் அதன்பின் அவருக்கு ஓய்வு. 143 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இவர் ஏறக்குறைய நாள்தோறும் அதே அளவு போடுகிறார். முழு வேகத்தில் அல்ல என்பதால்தான் கை தாங்குகிறது. எண்ணிக்கை கூடக்கூடத் தோள்மூட்டுக்குள் இருக்கும் சிறு தசைகள் களைக்கும். களைத்த தோளுக்காக முழங்கை கூடுதல் வேலை செய்யும். வலி அங்கே தலைகாட்டும். ரப்பர் பட்டையை இழுக்கும் சிறு பயிற்சிகளையும் காலுக்கான பயிற்சிகளையும் ஒருநாளும் விடாதவர்கள் நாற்பதைத் தாண்டியும் இந்த வேலையில் நீடிக்கிறார்கள். விட்டவர்கள் ஓரிரு சீசனில் உபகரணப் பொறுப்புக்கோ ஆட்டக் குறிப்பு எழுதும் வேலைக்கோ மாற்றப்படுகிறார்கள். மாற்றப்படுவது அவமானமாகக் கருதப்படுவதில்லை. உண்மையில் அந்த அணிகளின் ஊழியர் வரிசையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்களாகவே தோன்றும்.

இந்தத் தொழிலை முடித்துவைக்கும் பெரிய எதிரி வலியல்ல. அந்த எதிரிக்கு யிப்ஸ் என்று பெயர். நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு போட்டவருக்கு இன்று பந்து கையை விட்டுப் போகாது. போனால் கூண்டின் கூரையில் படும், அல்லது பாதி வழியில் தரையில் குத்தும். ஆட்டக்காரர்களுக்கும் இது வந்திருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1971இன் நாயகர்களில் ஒருவரான பிட்ஸ்பர்க் பிட்சர் ஸ்டீவ் பிளாஸ் 1973இல் 88 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 பேரை, குறி தவறிய நான்கு பந்துகளால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டார். 2000ஆம் ஆண்டு பிளேஆஃபில் செயின்ட் லூயிஸின் ரிக் ஆங்கியல் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்சருக்கு எட்டாமல் எறிந்தார். பின்னாளில் அவர் வெளிமைதான வீரராக மாறித் திரும்பி வந்தார்.

பயிற்சிப் பிட்சருக்கு இது ஏன் தொழில்நோய்போல் தொற்றுகிறது? முழு வலுவோடு எறியும்போது உடல் யோசிப்பதில்லை. ‘எழுபது சதவீத வேகம் போதும், நடுவில் விழுந்தால் சரி’ என்று சொன்னதும் கை யோசிக்கத் தொடங்குகிறது. படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பவருக்குத்தான் தடுக்கும். எதிரே நிற்பவர் யார் என்பது இரண்டாவது காரணம். நேற்றுவரை தனக்கு மூத்தவராக இருந்த நட்சத்திரம் இரண்டு பந்தை அடிக்காமல் விட்டு, மட்டையால் தரையைத் தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடி நிற்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, இந்த வேலையில் வெற்றி என்று ஒன்று பதிவாவதே இல்லை. ஆட்டத்தில் மோசமான பந்து போட்டவர் அடுத்த பந்தில் பேட்டரை வீழ்த்திக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். இங்கே நூறில் தொண்ணூற்றைந்து நன்றாக விழுந்தாலும் பேட்டருக்கு நினைவிருப்பது மற்ற ஐந்துதான்.

வந்துவிட்டால் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் முதலில் தூரத்தைக் குறைக்கிறார்கள். இரண்டு மீட்டர் முன்னே வந்து, கையுறையைப் பார்க்காமல் கேட்சரின் முகமூடி முழுவதையும் குறியாக வைத்து, கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு போடுகிறார்கள். மெதுவாக்கினால் மோசமாகும். ஓர் எட்டு நடந்துவந்து அந்த ஓட்டத்திலேயே எறிவதும் சிலருக்கு உதவுகிறது. நின்ற இடத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது. ஆளை மாற்றிக் கொடுப்பது மூன்றாவது வழி. இளம் பேட்டருக்கோ, எந்தப் பந்தானாலும் அடித்துவிட்டு ‘நன்றி’ என்று சொல்லும் மூத்தவருக்கோ சில நாள் போடவிட்டால் கை திரும்புவதுண்டு. திரும்பாமலே போனவர்களும் உண்டு. அதை உளவீனம் என்று பேசும் அணிகளில் அது பரவுகிறது. ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கும் வந்துவிடும்.

இந்த வேலையிலிருந்து எதிர்த்திசையில் ஏறிப்போனவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பழைய காலத்தில். கசுஹிசா இனாவோ 1956இல் நிஷிதெட்சு லயன்ஸில் சேர்ந்தபோது முகாமில் அவருக்குக் கிடைத்தது மூத்த பேட்டர்களுக்குப் பந்து போடும் வேலை. பேட்டர் மூச்சு வாங்கிக்கொள்ள அவ்வப்போது ஒரு பந்து வெளியே போகட்டும் என்று இருந்த ஏற்பாட்டில், அந்த ஒரு பந்தைத்தான் அவர் தனக்காக வைத்துக்கொண்டு, விளிம்பில் துல்லியமாக விழ வைத்துப் பழகியதாகப் பின்னாளில் சொன்னார். அதே ஆண்டு பிட்சராக 21 வெற்றிகள், ஓர் ஆட்டத்துக்கு (ஒன்பது இன்னிங்ஸ்) விட்டுக்கொடுத்த ஓட்ட சராசரி 1.06. 1958 ஜப்பான் தொடரில், அந்நாட்டு இறுதித் தொடரில், அணி மூன்று ஆட்டம் தோற்றபின் தொடர்ந்து நான்கிலும் வென்றது அவருடைய கையால்தான். மசாகி கொயாமாவும் தேர்வு முகாம் வழியாக ஹன்ஷின் அணியில் சேர்ந்து, பயிற்சியில் பந்து போட்டே தொடங்கி 320 வெற்றிகளில் முடித்தவர். குறி பிசகாத பிட்சர் என்றால் ஜப்பானியர்கள் இன்றும் அவரைச் சொல்வார்கள்.

தொழில்முறை ஆட்டக்காரராகவே இல்லாமல் இந்த வேலைக்கு வந்தவருக்கு உதாரணம் கோஜி ஒகுமுரா. 1994இல் நட்சத்திர பேட்டர் இச்சிரோ ஒரே சீசனில் 210 ‘ஹிட்’ (பந்தை அடித்துத் தளத்தை அடைவது) எடுத்துச் சாதனை படைத்தபோது ஒரிக்ஸ் அணியில் அவருக்குப் பந்து போட்டவர். பத்திரிகைகள் அவரை ‘இச்சிரோவின் காதலி’ என்றே எழுதின. பின்னர் அவர் தொடங்கிய சிறுவர் அணியிலிருந்து வந்தவர் புகழ்பெற்ற பிட்சர் மசாஹிரோ தனாகா. இச்சிரோவே 2019இல் ஓய்வு பெற்றபின் சியாட்டிலில் இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறார். தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர் கூடை பக்கத்தில் நின்று பந்து போடுவது அங்கே யாருக்கும் வியப்பாக இல்லை.

அமெரிக்க அணிகளில் இது பெரும்பாலும் பயிற்சியாளர்களும் உதவிக் கேட்சர்களும் பகிர்ந்துகொள்ளும் வேலை. இதற்கென்றே ஆள் வைத்திருக்கும் அணிகளும் உண்டு. பிளேஆஃப் பரிசுத்தொகையில் இப்படிப்பட்ட ஊழியருக்குப் பங்கு உண்டா, எவ்வளவு என்பதை ஆட்டக்காரர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். நன்றாகப் போட்டவரை அவர்கள் மறப்பதில்லை என்பதற்கு அதைவிடக் கறாரான அளவுகோல் வேண்டாம்.

‘இயந்திரம் வந்துவிட்டதே’ என்று கேட்கலாம். வந்துவிட்டது. எதிரணிப் பிட்சரின் வீடியோவைத் திரையில் ஓட்டி, அவர் கை விடும் உயரத்திலிருந்தே, அதே சுழற்சியோடு பந்தை அனுப்பும் இயந்திரங்களைப் பெரிய அணிகள் பயன்படுத்துகின்றன. நாளைய பிட்சரைப் படிக்க மனிதரைவிட அது மேல் என்பதில் சந்தேகமில்லை. மைதானத்துக்கு வராமல் உள்கூண்டிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளும் நட்சத்திரங்களும் இருக்கிறார்கள். ஆனால் கடினமான பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அடி கலைந்துவிடும். கலைந்த அடியைத் திரும்பக் கோக்க, ஒரே இடத்தில் விழும் நூறு பந்துகளும், ‘இப்போது கொஞ்சம் உள்ளே’ என்று சொன்னதும் புரிந்துகொள்ளும் ஒரு கையும் தேவைப்படுகின்றன.

நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட்டில் நீண்ட கரண்டிபோன்ற கருவியால் பந்தை எறிந்து இந்திய அணியைத் தயார்செய்யும் கர்நாடகத்தின் ராகவேந்திராவும் இலங்கையின் நுவன் செனவிரத்னவும் தெரிந்தவர்கள். இரண்டையும் ஒன்று என்று எழுதிவிட வேண்டாம். அவர்களுடைய வேலை, ஆட்டத்தில் வரப்போகும் வேகத்தைவிடக் கடினமானதைக் காட்டுவது. மட்டையாளர் திணறினால் வேலை நடக்கிறது என்று பொருள். பேஸ்பால் பயிற்சிப் பிட்சருக்கு எதிரே நிற்பவர் திணறினால் அவர் தோற்றுவிட்டார்.

டெர்பிக்குத் திரும்பினால், விதி மாற மாறப் போடுபவரின் சுமை கூடியிருக்கிறது. முன்பு பேட்டருக்குப் பிடிக்காத பந்தை விட்டுவிடலாம், நேரக் கணக்கு கிடையாது. 2015இல் கடிகாரம் வந்தபின் விட்ட ஒவ்வொரு பந்தும் நேரத்தைத் தின்றது. 2024இல் சுற்றுக்குப் பந்து வரம்பும் சேர்ந்ததால் தவறிய பந்து நேரடியாக வாய்ப்பையே தின்கிறது. 2019இல் விளாடிமிர் குரேரோ ஜூனியர் ஒரே இரவில் 91 ஹோம் ரன் அடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. அத்தனையையும் அடிக்கும்படி போட்ட கை பயிற்சியாளர் ஜான் ஷ்னைடருடையது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த டெர்பி முடிவை அச்சிடும்போது வென்றவர் பெயருக்குக் கீழே ‘பந்து போட்டவர்’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். பழைய பட்டியலை மறுபடி வெளியிட நேர்ந்தால் உதவும் என்பதால் சில பெயர்கள்: 2011இல் ராபின்சன் கனோவுக்கு அவர் தந்தையும் முன்னாள் ஹூஸ்டன் பிட்சருமான ஹோசே கனோ, 2018இல் பிரைஸ் ஹார்ப்பருக்குத் தந்தை ரான் ஹார்ப்பர், 2021இல் பீட் அலான்சோவுக்கு அப்போதைய நியூயார்க் மெட்ஸ் பயிற்சியாளர் டேவ் ஜாஸ். 2008இல் ஜாஷ் ஹாமில்டன் பட்டத்தை ஜஸ்டின் மோர்னோவிடம் இழந்தாலும், முதல் சுற்றில் அவர் அடித்த 28 ஹோம் ரன்கள்தான் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றுக்குப் பந்து போட்டவர் வட கரோலினாவைச் சேர்ந்த 71 வயதுத் தன்னார்வப் பயிற்சியாளர் கிளேபான் கவுன்சில்.

இப்படிக்கு,
பேஸ்பால் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
சென்னை.